சாயல் ஊர்கள்: கொடைரோட்டிலிருந்து சில குறிப்புகள்

கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கொடைரோட்டுக்கு வருகிறவர்கள் அல்ல. ஊரின் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. இன்னொரு ஊருக்குப் போகிற ரோடு என்பதைத் தவிர இதற்கு வேறு அடையாளம் வேண்டாம் என்று ரயில்வேக்காரர்கள் தீர்மானித்துவிட்டார்கள். 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்குத் தண்டவாளம் வந்தபோது இந்த நிலையத்துக்கு அம்மையநாயக்கனூர் என்றுதான் பெயர். அம்மையநாயக்கனூர் ஒரு பாளையம். மதுரை நாயக்கர் ஆட்சி முடிகிற நேரத்தில் சந்தா சாகிபின் படையோடு இங்கே ஒரு சண்டையும் நடந்திருக்கிறது. பேரூராட்சிக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் அம்மையநாயக்கனூருக்கு என்று யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் வேன் ஓட்டுகிற ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். என்னையும் சுற்றுலாக்காரன் என்று நினைத்துவிட்டார். "மேல போய்ப் பாருங்க சார், அப்படியே ஸ்விட்சர்லாந்து மாதிரி இருக்கும்" என்றார். "நீங்க ஸ்விட்சர்லாந்து பார்த்திருக்கீங்களாண்ணே?" என்று கேட்டேன். கொஞ்சங்கூடத் தயங்கவில்லை. "பார்க்காம என்ன சார், எத்தனை பாட்டுல பார்த்திருக்கேன்." கிண்டலாக அவர் சொல்லவில்லை. நானும் கிண்டலுக்காக இதை இங்கே எழுதவில்லை. ஓர் ஊரை இன்னோர் ஊரின் சாயல் என்று சொல்கிற பழக்கம் எப்படி வந்தது, சொல்லச் சொல்ல அந்த ஊருக்கு என்ன ஆகிறது என்று யோசிப்பதற்கு அந்தப் பதில்தான் எனக்கு வழி திறந்தது.

இந்தியாவின் வரைபடம் முழுக்க இப்படிப்பட்ட சாயல் ஊர்கள் இறைந்து கிடக்கின்றன. குடகு இந்தியாவின் ஸ்காட்லாந்து, ஷில்லாங் கிழக்கின் ஸ்காட்லாந்து, ஆலப்புழை கிழக்கின் வெனிஸ், ஒகேனக்கல் இந்தியாவின் நயாகரா. ஆந்திராவில் பெண்ணாறு அறுத்துக்கொண்டு போகிற கண்டிக்கோட்டை இந்தியாவின் கிராண்ட் கேன்யன். இமாச்சலத்தில் கஜ்ஜியார் என்றொரு புல்வெளி இருக்கிறது. 1992 ஜூலையில் ஸ்விஸ் தூதரக அதிகாரி ஒருவர் அங்கே வந்து, இது 'மினி ஸ்விட்சர்லாந்து' என்று அறிவித்து, பெர்ன் நகரத்துக்கு 6194 கிலோமீட்டர் என்று ஒரு மஞ்சள் பலகையும் நட்டுவிட்டுப் போனார். மகாராஷ்டிரத்து லவாசா இன்னும் ஒரு படி மேல். சாயல் இருப்பதாகச் சொன்னால் மட்டும் போதாது என்று, இத்தாலியின் போர்ட்டோஃபினோவைப் பார்த்து மலைச்சரிவில் ஒரு நகரத்தையே கட்ட ஆரம்பித்தார்கள். 2010இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் விட்டது. 2018இல் அந்தக் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது.

இந்தப் பட்டியலை அடிமை மனோபாவம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். நம் பத்திரிகைகளில் இதுவரை அப்படித்தான் முடித்திருக்கிறோம். அந்த வார்த்தை பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்னவுடன் யோசனை நின்றுவிடுகிறது. அசல் என்று ஒன்று அங்கே இருப்பதாகவும், நாம் அதன் நகலை இங்கே வைத்துக்கொண்டு ஏமாறுவதாகவும் ஆகிவிடுகிறது. அந்த அசல் எப்போது, யாரால் உண்டாக்கப்பட்டது என்கிற கேள்வி எழுவதே இல்லை.

கொடைக்கானலின் கதையை வழக்கமாக 1845இலிருந்து தொடங்குவார்கள். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் கிளையாக 1834இல் மதுரையில் ஏற்பட்டது அமெரிக்கன் மதுரை மிஷன். காலராவும் காய்ச்சலும் பாதிரிமார்களையும் அவர்களுடைய மனைவி மக்களையும் கொண்டுபோய்க்கொண்டே இருந்தன. தப்பிக்க ஒரு குளிர்ந்த இடம் தேடினார்கள். முதலில் போனது கொடைக்கானலுக்கு அல்ல, கொடைரோட்டுக்குக் கிழக்கே நிற்கிற சிறுமலைக்கு. அங்கேயும் மலைக்காய்ச்சல் விடவில்லை. அதற்குப் பிறகுதான் மேற்கே பழனி மலைக்குத் திரும்பி, 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். பயத்தில் ஏறினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. செத்துப்போன குழந்தைகளின் கல்லறைகளைப் பார்த்தவன் அதை மறுக்க முடியாது.

ஆனால் கதை அதற்குமுன்பே தொடங்கிவிட்டது. 1821இல் லெப்டினன்ட் வார்டு என்கிற சர்வேயர் பெரியகுளத்துப் பக்கமிருந்து வெள்ளகவி வழியாக மேலே ஏறினார். வெள்ளகவி குன்னுவர்களின் ஊர். வார்டு அதைத்தான் தன்னுடைய தங்குமிடமாக வைத்துக்கொண்டார். ஏறத்தாழ 4000 பேர் ஒழுங்கான கிராமங்களில் வாழ்கிறார்கள் என்று அவர் தந்த அறிக்கை சொன்னது. பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர் என்று குன்னுவர் ஊர்கள். காட்டுக்குள் பளியர், புலையர். அதாவது அது ஆளில்லாத மலை இல்லை. பிற்பாடு வந்த ஆங்கிலப் பயண நூல்களிலும் சுற்றுலாப் பிரசுரங்களிலும் இந்த 4000 பேர் கரைந்துபோகிறார்கள். சாயல் என்று ஒன்று உருவாக வேண்டுமானால், முதலில் அங்கே ஏற்கெனவே இருப்பது அழிய வேண்டும். நிஜத்தில் அழிக்க முடியாவிட்டால் சொல்லாடலிலாவது அழிய வேண்டும்.

இப்போது 1863க்கு வருவோம். மதுரைக் கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் மூன்று ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு, ஏறத்தாழ 60 ஏக்கரில் ஓர் ஏரியை உண்டாக்கினார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டேவிட் ஸ்கடர் சொன்ன யோசனை அது என்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து படகும் வந்தது. கடலோரத்துப் படகை மலை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. அது கிடக்கட்டும். இதே 1863ஆம் வருஷம் கோடையில்தான் தாமஸ் குக் இங்கிலாந்திலிருந்து தன்னுடைய முதல் சுற்றுலாக் கூட்டத்தை ஸ்விட்சர்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இந்த ஒரே வருஷம் தற்செயல்தான், சந்தேகமில்லை. ஆனால் ரொம்பவும் உபயோகமான தற்செயல். நாம் இன்று ஸ்விட்சர்லாந்து என்று எதைச் சொல்கிறோமோ, அதாவது ஏரி, படகு, ஊசியிலை மரம், சரிந்த கூரை போட்ட விடுதி, புல்லில் மேய்கிற மாடு, அது அப்போதுதான் ஒரு சரக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்துக்கு ஆலைப் புகையிலிருந்து ஓடி ஒளிய ஓர் இடம் தேவைப்பட்டது. லெஸ்லி ஸ்டீபன் 1871இல் ஆல்ப்ஸைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பே, அதை ஐரோப்பாவின் விளையாட்டு மைதானம் என்கிறது. அந்த மைதானத்தில் ஏழை விவசாயிகளும் இருந்தார்கள். அனாதைக் குழந்தைகளையும் ஏழைக் குழந்தைகளையும் பண்ணைகளுக்குக் கூலியில்லாத வேலைக்கு விடுகிற வழக்கம் அங்கே இருபதாம் நூற்றாண்டிலும் நெடுநாள் நீடித்தது. அதற்காக ஸ்விஸ் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2013இல். படத்தில் இதெல்லாம் வராது.

ஆகவே கொடைக்கானல் ஸ்விட்சர்லாந்தின் நகல் என்று சொல்வது சரித்திரப்படி தப்பு. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே வர்க்கத்தின் ஒரே ஆசையால் உண்டாக்கப்பட்டவை. ஒன்றை ரயிலும் கூப்பனும் உண்டாக்கின, மற்றதைக் கலெக்டரின் அதிகாரம் உண்டாக்கியது. அசல், நகல் என்கிற பிரிவினையே பின்னால் வந்தது. நகல் அசலுக்கு முந்திக்கொள்ளும் என்று பிரெஞ்சுக்காரர் போத்ரியா சொன்னதை நாம் அமெரிக்காவின் டிஸ்னிலாந்தோடு மட்டும் வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். கொடைரோட்டில் இறங்கி பஸ் ஏறியிருந்தால் போதும்.

ஊட்டியைப் பார்த்தாலும் இதே சங்கதிதான். வைஸ்ராய் லிட்டன் 1877இல் அங்கே தங்கியபோது, மழையும் சேறும்கூட இங்கிலாந்தின் மழையாகவும் சேறாகவும் இருப்பதாக மனைவிக்குப் பூரித்து எழுதினார். அந்த வருஷம் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். சமவெளியில் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். சேற்றில் இங்கிலாந்தைக் கண்ட அதே கண்ணுக்கு மழை இல்லாத நிலம் தெரியவில்லை.

மேலே போவதற்கு வழி எப்படி இருந்தது? அம்மையநாயக்கனூரில் ரயிலைவிட்டு இறங்கி மாட்டு வண்டியில் 30 மைலுக்கு மேல் போக வேண்டும். பெரியகுளம் பக்கத்தில் மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரைக்கும் வண்டி. அதற்கப்புறம் குதிரை, இல்லாவிட்டால் நாற்காலி அல்லது டோலி. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஆட்கள் ஏறினார்கள். பியானோ, கட்டில், ஜன்னல் கண்ணாடி, பேரிக்காய்ச் செடி என்று ஓர் ஐரோப்பிய வீட்டுக்கு வேண்டிய எல்லாமே மனிதத் தோளிலும் தலையிலும்தான் போயிருக்க முடியும். 'கூலி காட்' என்றே அந்தப் பாதைக்குப் பெயர் நிலைத்தது. வத்தலக்குண்டு வழியாக லாவின் பெயரால் மலைச்சாலை ஏற்பட்டு, 1916 வாக்கில் வண்டிகள் ஓடத் தொடங்கியதும் பழைய பாதை கைவிடப்பட்டது. அந்தப் பாதையில் இருந்த வெள்ளகவி, வாகனம் போகிற சாலை இல்லாமலேயே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கிடந்தது. நோயாளியைக் கம்பில் கட்டிய டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குகிற படம் நம் தினசரிகளில் அவ்வப்போது வரும். துரைகளைத் தூக்கிய அதே மலைச்சரிவு, அதே டோலி.

இடையில் ஒரு சின்ன விலகல். புதிய சாலை போகிற வத்தலக்குண்டுதான் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையரின் ஊர். மணிக்கொடி பி. எஸ். ராமையாவின் ஊர். 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி. சு. செல்லப்பாவின் ஊர். தமிழ்ச் சிறுபத்திரிகைக்கு ஒரு பிறப்பிடம் தேடினால் இந்தச் சாலையில்தான் தேட வேண்டும். மேலே போகிற பஸ் அங்கே பத்து நிமிஷம் நிற்கும், ஜன்னல் வழியாக எல்லோரும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நானும் சின்ன வயசில் அப்படித்தான் பார்த்தேன்.

பெயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது தவிர்க்க முடியாத நோய். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் பாடிய கடிய நெடுவேட்டுவனைக் கோடைப் பொருநன் என்கிறார்கள். அந்தக் கோடை மலை இதுதான் என்பது பொதுவான கருத்து. பழைய எழுத்துகளில் 'கோடைக்கானல்' என்று நெடிலாகவே வருகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது குறில் நெடில் வித்தியாசம் போய்விட்டது. அந்த ஆங்கில எழுத்தைப் பார்த்து மறுபடியும் தமிழில் எழுதியபோது 'கொடை' ஆகிவிட்டது என்பது என் ஊகம். ரயில் நிலையப் பலகைக்கும் இதில் பங்கு இருக்கலாம். அதோடு முடியவில்லை. 'கொடை' என்று ஆனவுடன் அதற்கு ஓர் அர்த்தம் வேண்டும் அல்லவா? கானகத்தின் கொடை என்று சுற்றுலாப் பிரசுரங்கள் விளக்கம் எழுதிவிட்டன. ஒரு பெயர் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்து, வந்த உருவத்துக்கே தமிழ் வேர் தேடிக்கொள்கிறது. 'கானல்' என்பது சங்கப் பாடல்களில் கடற்கரைச் சோலை, பின்னால் பேய்த்தேர். மலை உச்சியில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று பண்டிதர்கள் சண்டை போடட்டும்.

சாயலுக்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது. அதை மரங்கள் கொடுத்தன. பழனி மலையின் உச்சி இயற்கையில் சோலையும் புல்வெளியும் கலந்தது. பள்ளங்களில் குட்டையான, அடர்ந்த சோலை மரங்கள், மேடெல்லாம் புல். வெளியூர்க்காரன் கண்ணுக்குப் புல்வெளி ஒன்றும் இல்லாத இடமாகப் பட்டது. தைல மரமும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. பைன் மரங்கள் வந்தன. வெள்ளைக்காரன் அலங்காரத்துக்கும் விறகுக்கும் நட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு நம் வனத்துறை தோல் பதனிடும் பட்டைக்கும் கூழ் மரத்துக்கும் என்று மலை மலையாக நட்டது. காலனியத்தைத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு ஒன்று, 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. போன இடத்தில் நிற்பவை பெரும்பாலும் இந்த அயல் மரங்களே. பைன் காட்டில் நின்று படம் பிடித்துக்கொள்கிறவர்கள், 'அப்படியே ஃபாரின் மாதிரி இருக்கு' என்கிறார்கள். மாதிரி இல்லை. அந்த மரம் ஃபாரின்தான்.

புல்வெளியும் சோலையும் மழையைப் பஞ்சு மாதிரிக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஓடையில் விடும். மஞ்சளாறு, வராக நதி, வடக்கே பழனிப் பக்கம் பாலாறு, பொருந்தலாறு என்று மலையைச் சுற்றி இறங்குகிற எல்லாமே அந்த ஈரம்தான். கீழே இருக்கிற நெல்லும் வாழையும் திராட்சையும் மேலே இருக்கிற புல்லைப் பொறுத்தவை. மேலே ஸ்விட்சர்லாந்து இருப்பதற்கும் கீழே கிணறு வற்றுவதற்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் சுற்றுலாக்காரருக்கு விளங்காது. நிலக்கோட்டைப் பக்கத்து சம்சாரிக்கு அரை வார்த்தையில் விளங்கும்.

சாயலைத் தேடி மனிதர்கள் மட்டும் வரவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து ஒரு வெப்பமானி ஆலை பெயர்த்தெடுக்கப்பட்டு எண்பதுகளில் கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் கம்பெனி கொண்டுவந்தது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கப் பாதிரிமார் தங்கள் ஊர் மாதிரி ஓர் ஊரைத் தேடி மலையேறினார்கள் என்றால், இப்போது அமெரிக்க ஊர் ஒன்று தனக்கு வேண்டாத பாதரசத்தை அதே மலையில் ஏற்றியது. அங்கிருந்து வந்தவற்றில் சாயலாக இல்லாமல் அசலாகவே வந்தது இது ஒன்றுதான். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் அளவுக்குக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு ஏற்பட 2016 ஆனது. ஆலைக்குப் பின்புறம் பாம்பாற்றுச் சோலை. அந்த ஓடை இறங்குகிற சரிவு கும்பக்கரைப் பக்கம், அதாவது வார்டு ஏறிய பக்கம்.

விடுதிகளின் கதையும் ரத்தம் இல்லாத கதை அல்ல. பிளசண்ட் ஸ்டே ஓட்டலுக்கு விதிகளை மீறி மாடிகள் கட்ட அனுமதி கொடுத்த வழக்கில், 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைக்குத்தான் தர்மபுரியில் வேளாண் பல்கலைக்கழகப் பஸ்ஸுக்குத் தீ வைத்து மூன்று மாணவிகளைக் கொன்றார்கள். மேல்முறையீட்டில் 2001இல் அவர் விடுவிக்கப்பட்டார். மலை மேலே ஒரு கட்டடத்துக்கு எத்தனை மாடி என்கிற கேள்வி சமவெளியில் மூன்று பெண்களின் உடம்பில் வந்து முடிந்தது. அந்தப் பிள்ளைகளும் ஒரு சுற்றுலாவில்தான் இருந்தார்கள்.

வேன்காரர் சொன்ன பாட்டுக்குத் திரும்புகிறேன். காதல் பாட்டுக்குப் பனி வேண்டும் என்றால் முன்பெல்லாம் காஷ்மீர். 1989க்குப் பிறகு அங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் இந்திப் படக்காரர்கள் ஸ்விட்சர்லாந்துக்கு நகர்ந்தார்கள். தமிழ்ப் படமும் பின்னாலேயே போனது. காசு இல்லாத தயாரிப்பாளர் கொடைக்கானலை ஸ்விட்சர்லாந்தாக எடுத்தார். 2016இல் இன்டர்லாக்கன் நகரத்தில் யஷ் சோப்ராவுக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். இந்தியச் சுற்றுலாக்காரர்கள் தாங்கள் சினிமாவில் பார்த்தது மாதிரி அந்த ஊர் இருக்கிறதா என்று சரிபார்க்கப் போகிறார்கள். அங்கே அசல் நகலைப் போல இருக்க முயற்சி செய்கிறது. இங்கேயும் 'பிசாசின் சமையலறை' என்று துரைமார் வைத்த பெயர் 1991இல் வந்த ஒரு படத்துக்குப் பிறகு குணா குகை ஆகிவிட்டது.

ஆனால் தமிழர்களில் ஸ்விட்சர்லாந்தை நிஜமாகத் தெரிந்தவர்கள் இந்தப் பாட்டுகளைப் பார்த்தவர்கள் அல்ல. எண்பதுகளிலிருந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி, அங்கே அகதி விண்ணப்பம் கொடுத்து, விசாரணை அதிகாரி முன்னால் தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவி நிலைத்த ஈழத்தமிழர்கள். அவர்களுக்கு அந்தப் பனி வேலைக்குப் போகிற விடியற்காலைப் பனி. ஸ்விட்சர்லாந்து 'மாதிரி' என்று அவர்கள் எதையாவது சொன்னால், அது நம் வேன்காரர் சொல்கிற மாதிரியாக இருக்காது. அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்துதான் மதுரைக்கு வந்தது என்பதையும், கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயிலைக் கட்டியவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மலைக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள கணக்கு இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. வேறு யாராவது எழுத வேண்டும்.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்குப் போக இ-பாஸ் வேண்டும். 2025இல், வாரநாளில் 4000 வண்டி, வாரக்கடைசியில் 6000 வண்டி என்று வரம்பும் சொன்னார்கள். வேன்காரருக்கு அதில் கோபம். அவருடைய பிழைப்பு அது, கோபம் நியாயம். "அப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "சிறுமலை இருக்குல்ல சார். குட்டிக் கொடைக்கானலு. பதினெட்டு வளைவு, ஒரு மணி நேரத்துல மேல. அசல் கொடைக்கானல் மாதிரியே இருக்கும்."

பாதிரிமார் காய்ச்சலுக்குப் பயந்து இறங்கிய அதே சிறுமலை. ஒரு காலத்தில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு வாழைப்பழம் கொடுத்த மலை. டீக்கடையிலிருந்து பார்த்தால் கிழக்கே நன்றாகத் தெரிகிறது. அங்கேயும் இப்போது ஒரு சின்ன ஏரி வெட்டியிருக்கிறார்கள். படகும் விட்டிருக்கிறார்கள்.